குடத்து விளக்கும் குன்றத்து விளக்கும்

விளக்கைவிட விளக்கு இருக்கும் இடம் பெரிது என்பது நம் மொழிக்குப் பழகிய எண்ணம். குடத்துக்குள் இட்ட விளக்கு, குன்றின் மேலிட்ட விளக்கு என்று இரண்டைச் சொல்லும்போது எண்ணெயும் திரியும் சுடரும் இரண்டிலும் ஒன்றுதான். இடம் மட்டுமே வேறு. இந்த எளிய வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இலக்கிய வாசகர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு மூலைக்கு இக்கட்டுரையில் செல்லவிருக்கிறோம். வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே விமானம் கட்டிக்கொள்பவர்களின் உலகம் அது. அங்கே இன்றும் தீராமல் விவாதிக்கப்படும் கேள்விகளுள் ஒன்று: தரையிறங்கு விளக்கை விமானத்தில் எங்கே பொருத்துவது?

இத்தகைய விமானங்கள் மிகுதியாகக் கட்டப்படும் நாடு அமெரிக்கா. அந்நாட்டு விதிகளின்படி, இரவில் பறக்கும் சிறு விமானத்துக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, வாலில் வெள்ளை என நிலைவிளக்குகள் வேண்டும். மோதலைத் தவிர்ப்பதற்கான மின்னும் விளக்கும் வேண்டும். ஆனால் தரையிறங்கு விளக்கு கூலிக்குப் பறக்கும் விமானத்துக்கு மட்டுமே கட்டாயம். சொந்தமாகக் கட்டிய விமானத்தைக் கூலிக்கு ஓட்டுவதையோ பொதுவாக அதே விதிநூல் தடுக்கிறது. இரண்டு விதிகளையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது விசித்திரமான முடிவு: வீட்டில் கட்டப்பட்ட விமானத்திடம் சட்டம் இந்த விளக்கைக் கேட்பதே இல்லை. கேட்காத விளக்குக்காக, பல ஆண்டு உழைத்து உருவாக்கிய இறக்கையின் நெற்றியில் துளை போடலாமா என்று மனிதர்கள் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். யாருக்காக அந்த விளக்கு? இக்கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

*

முதலில் விளக்கு விமானத்தில் இல்லை, தரையில் இருந்தது.

1910ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், லண்டனிலிருந்து மான்செஸ்டருக்குப் பறப்பவருக்கு 'டெய்லி மெயில்' நாளிதழ் அறிவித்திருந்த 10,000 பவுண்டு பரிசுக்காக இருவர் போட்டியிட்டனர். ஒருவர் பிரெஞ்சுக்காரர் லூயி பொலான். மற்றவர் ஆங்கிலேயர் கிளாட் கிரஹாம்-வைட். 27ஆம் தேதி இருட்டியபோது பொலான் வெகுதூரம் முந்திச் சென்று லிச்ஃபீல்டில் இறங்கியிருந்தார். பின்தங்கிய கிரஹாம்-வைட்டுக்கு இரவைப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 28ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன், தம்முடன் வந்த கார்களின் முகப்பு விளக்குகள் வழிகாட்ட, இருளுக்குள் எழுந்தார். கீழே இருந்த இருப்புப்பாதையும் நிலைய விளக்குகளுமே அவருக்கு வழி. காற்றுடன் போராடி இடையில் இறங்க நேர்ந்தது. விடிந்தபின் பொலானே வென்றார். ஆயினும் நம் கட்டுரைக்குத் தோற்றவரே முக்கியம். துணியும் மரமும் கம்பியுமான அவருடைய விமானம் இருளில் குருடாகவே இருந்தது. கண் தரையில் நின்ற நண்பர்களின் கார்களில் இருந்தது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளும் இந்நிலை பெரிதாக மாறவில்லை. 1921 பிப்ரவரி 22ஆம் தேதி இரவு, அமெரிக்க அஞ்சல் துறையின் விமானி ஜாக் நைட் நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டிலிருந்து ஓமஹாவுக்குத் தபால் பைகளுடன் பறந்தார். வழியெங்கும் அஞ்சல் ஊழியரும் உழவர்களும் தீ மூட்டி வைத்திருந்தார்கள். ஓமஹாவில் அவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு தொடர வேண்டிய விமானி வந்துசேரவில்லை. தாம் அதற்குமுன் பறந்தறியாத சிகாகோ வழித்தடத்தில், சாதாரண நிலப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு, நைட்டே மேலும் பறந்து காலையில் சிகாகோ சேர்ந்தார். அந்த ஓரிரவுதான் இரவுத் தபால் சாத்தியம் என்று அரசை நம்பவைத்தது. அதன்பின் சிகாகோ முதல் செயென் வரையான தடத்தில் சுழலும் ஒளிக்கம்பங்கள் நடப்பட்டன. அவசரத்துக்கு இறங்கும் திடல்கள் ஒதுக்கப்பட்டன. 1924 ஜூலை 1 முதல் கண்டம் கடக்கும் தபால் இரவிலும் ஒழுங்காகப் பறந்தது. கடலோரக் கலங்கரை விளக்கத்தை உள்நாட்டுச் சமவெளியில் வரிசையாக நட்டதுபோன்ற ஏற்பாடு அது.

அந்தத் தபால் விமானங்களில்தான் விளக்கு தரையிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. உலகப்போரில் மிஞ்சிய டி ஹாவிலண்ட் டிஎச்-4 விமானங்களில் இறங்கு விளக்குகள் பொருத்தப்பட்டன; பாராசூட்டில் தொங்கியபடி எரிந்துகொண்டே இறங்கும் ஒளிக்குண்டுகளும் உடன் அனுப்பப்பட்டன. ஒளிக்குண்டை ஒருமுறைதான் எரிக்க முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 'குட்டி இளவரசன்' மூலம் நம் வாசகர்கள் அறிந்த அந்த்வான் து செந்த்-எக்சுபெரி, தென் அமெரிக்காவில் தபால் விமானப் பணியில் இருந்தவர். இரவுப் பறத்தலைப் பற்றி 1931இல் அவர் வெளியிட்ட நாவலில், புயலில் சிக்கிய விமானி தன்னிடம் எஞ்சிய ஒளிக்குண்டை இறக்கிப் பார்க்கிறான். வெளிச்சத்தில் தெரிவது தரையன்று, கடல். விளக்கு பாதையைக் காட்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். பாதை இல்லை என்பதையும் அதுவேதான் காட்டும்.

1927 மே 21 இரவு 10.22க்குப் பாரிஸின் லெ பூர்ஷே திடலில் இறங்கிய சார்லஸ் லிண்ட்பர்க்கின் கதை எல்லோரும் அறிந்தது. அவருடைய விமானத்தில் இறங்கு விளக்கு இல்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எடையைக் குறைப்பதற்காக வானொலியையும் பாராசூட்டையும் விட்டுவந்தவர் அவர். முன்னால் பெரிய எரிபொருள் தொட்டி இருந்ததால் நேரே முன்னால் பார்க்கவும் வழியில்லை. பக்கச் சாளரத்தையும் சிறு பெரிஸ்கோப்பையும் நம்ப வேண்டியிருந்தது. முப்பத்துமூன்றரை மணி நேரப் பயணத்தின் முடிவில், அந்த விமானத்தை முதன்முறையாக இரவில் இறக்கினார். திடலைக் காண வந்த மக்களின் கார்கள் சாலையில் நெருக்கியடித்து நிற்க, அவற்றின் விளக்குகள் அவரை முதலில் குழப்பவே செய்தன. கிரஹாம்-வைட்டுக்கு உதவிய அதே கார் விளக்கு, பதினேழு ஆண்டுகள் கழித்து லிண்ட்பர்க்கைத் தடுமாற வைத்தது. பிறர் கையில் இருக்கும் விளக்கை நம்பி எவ்வளவு தூரம் பறக்க முடியும் என்பதற்கு இந்த இரண்டு இரவுகளும் இரண்டு எல்லைகள்.

*

விமானத்திலேயே விளக்கை வைப்பது என்றான பின், எங்கே என்ற கேள்வி கூர்மையடைந்தது. அதைக் கூராக்கியது போர். இரண்டாம் உலகப்போரில் விமானத்தில் விளக்கு வைத்த நால்வகை முயற்சிகளை ஒப்பிட்டால், இடம் என்பது நோக்கத்தின் மறுபெயர் என்பது விளங்கும்.

முதலாவது, வேட்டைக்கான விளக்கு. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இரவில் மேலே மிதந்து மின்கலங்களுக்கு மின்னேற்றிக்கொண்டன. பிரிட்டிஷ் விமானத்தின் ரேடார் அவற்றைத் தொலைவிலிருந்து கண்டுபிடித்துவிடும். ஆனால் மிக நெருங்கியதும், அலைகளின் எதிரொலியில் இலக்கு கரைந்துபோகும். அந்தக் கடைசி ஒரு மைல் இருட்டைக் கடக்க, ஹம்ஃப்ரி லே என்ற விமானப்படை அதிகாரி வெலிங்டன் விமானத்தின் வயிற்றில், துப்பாக்கிக் கூண்டு இறங்கும் இடத்தில், 24 அங்குல விட்டமுள்ள தேடுவிளக்கை இறக்கி ஏற்றும்படி அமைத்தார். 1942 ஜூன் மாதம் அது முதன்முறையாகப் போரில் பயன்பட்டது. ஜூலையில் முதல் நீர்மூழ்கி மூழ்கடிக்கப்பட்டது. பின்னர் வந்த பெரிய விமானங்களில் அது இறக்கையின் அடியில் தொங்கும் கூடாக மாறியது.

இரண்டாவது, தோற்ற விளக்கு. ஹேவக் என்ற விமானத்தின் மூக்கு முழுவதையும் ராட்சத விளக்காக்கி, பகை விமானத்தின் மேல் பாய்ச்சி, உடன் வரும் ஹரிக்கேன் அதைச் சுடட்டும் என்று திட்டமிட்டார்கள். காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் விளக்கைப் போட்ட கணமே அதைச் சுமப்பவரின் இருப்பிடம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. மின்கலங்களின் எடை விமானத்தை மந்தமாக்குகிறது. சொல்லும்படியான பயனின்றி 1943 தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது.

மூன்றாவது, அளவுகோலான விளக்கு. 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளைத் தாக்கச் சென்ற லங்காஸ்டர்கள், நீருக்கு மேலே சரியாக 60 அடி உயரத்தில் குண்டை விட வேண்டியிருந்தது. அவ்வளவு தாழ்வில் அக்கால உயரமானி நம்பத்தக்கதன்று. எனவே மூக்கின் அடியில் ஒன்றும், குண்டறையின் பின்னால் ஒன்றுமாக இரு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரு ஒளிவட்டங்களும் நீர்ப்பரப்பில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் 60 அடி. வெறும் வடிவியல்; பள்ளிச் சிறுவனுக்கும் புரியும் முக்கோணம். அந்த இரவில் சென்ற 19 விமானங்களில் எட்டு திரும்பவில்லை. அணை உடைந்த வெள்ளத்தில் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் பலர் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள். அளவுகோல் துல்லியமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லி நகர நமக்கு மனம் வரவில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் விந்தையானது: மறைவதற்கான விளக்கு. பகல் வானில் வரும் விமானம் எவ்வண்ணம் பூசினாலும் எதிரிக்குக் கரும்புள்ளியாகவே தெரியும். வானம் அதைவிட வெளிச்சமானது. ஆகவே அமெரிக்கக் கடற்படை, அவெஞ்சர் விமானத்தின் இறக்கை முன்விளிம்பிலும் இயந்திரக் கூட்டின் ஓரத்திலும் முன்னோக்கிய விளக்குகளை வரிசையாகப் பதித்து, அவற்றின் ஒளியை வானத்தின் ஒளியோடு ஒத்துப்போகச் செய்தது. 1945 சோதனையில் அவ்விமானம் கப்பலிலிருந்து 3,000 கஜம், அதாவது ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நெருங்கும்வரை கண்ணுக்குப் படவில்லை. 'யெஹூதி விளக்கு' என்று பெயர் பெற்ற இது போரில் பயன்படவில்லை. ரேடார் வந்தபின் கண்ணை ஏமாற்றி ஆவதென்ன? ஆனால் ஒளியைக் கொண்டே ஒளிந்துகொள்ளலாம் என்பதை நிறுவிய சோதனை அது.

*

கையால் கட்டப்படும் விமானங்களின் மரபு போருக்கும் முந்தையது. பிரேசில் நாட்டவரான சான்டோஸ்-டூமோன் தம் 'டெமுவாசெல்' விமானத்தின் வரைபடங்களுக்குக் காப்புரிமை கோராமல் விட்டுவிட, 1910இல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் அவற்றை வெளியிட்டது. 1929இல் மின்னசோட்டாவின் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு காரின் இயந்திரத்தைக் கொண்டு 'ஏர் கேம்பர்' கட்டினார். 1930களில் பிரான்ஸின் ஆன்ரி மின்யே, ஆணி அடிக்கத் தெரிந்தவர் எவரும் கட்டலாம் என்ற துணிச்சலோடு 'பூ-து-சியெல்', வானத்துப் பேன் என்ற குட்டி விமானத்தைப் பரப்பினார். இவையெல்லாம் பகலின் பிராணிகள். மின்சாரமே இல்லாத விமானத்தில் விளக்கு எங்கே என்ற கேள்வி எழவில்லை. மாலையில் பறவைகளோடு அவையும் கூடடைந்தன.

1953இல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி எக்ஸ்பெரிமென்ட்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கியபின் இம்மரபு இயக்கமாயிற்று. 1970 முதல் அதன் ஆண்டு விழா விஸ்கான்சினின் ஆஷ்காஷில் நடந்துவருகிறது. இயக்கம் வளர, விமானங்களும் வளர்ந்தன. பர்ட் ருட்டானின் 'வேரிஈஸி' 1975இலும், 'லாங்-ஈஸி' 1979இலும் பறந்தன. நுரைப்பாளத்தைச் செதுக்கி மேலே கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து ஒட்டிய வடிவங்கள் அவை. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வெனின் அலுமினிய 'ஆர்வி' வரிசை 1970களில் தொடங்கி, இன்று உலகெங்கும் 11,000க்கும் மேற்பட்டவை பறந்திருக்கும் அளவுக்குப் பெருகியது. மின்னாக்கியும் தொலைதூர எரிபொருளும் வந்தபின் இரவு இவற்றுக்கும் உரியதாயிற்று. அப்போதுதான் கொட்டகைகளில் நம் கேள்வி நுழைந்தது.

கேள்வியின் கணக்கை முதலில் பார்ப்போம். பல பத்தாண்டுகள் சிறு விமானங்களில் வழக்கமாயிருந்த விளக்கு ஜெனரல் எலக்ட்ரிக்கின் 4509 என்ற எண்ணுடையது. நாலரை அங்குல விட்டம், 13 வோல்ட், 100 வாட், நடுவில் 1,10,000 கேண்டிலா ஒளிச்செறிவு, 25 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட ஆயுள். ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறையும் என்பதால், நூறு மீட்டரில் இது தரும் வெளிச்சம் 11 லக்ஸ். ஒரு கிலோமீட்டரில் 0.11 லக்ஸ், ஏறக்குறைய நிலவொளி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் நூறு மீட்டரை மூன்று விநாடியில் கடந்துவிடும். ஆக, விமானி தரையைப் பார்ப்பதற்கு இந்த விளக்கு உதவுவது இறங்குதலின் இறுதிச் சில விநாடிகளில் மட்டுமே. அதே விளக்கை எதிரில் வரும் இன்னொரு விமானி பல கிலோமீட்டர் அப்பாலிருந்தே காண்பார். பார்ப்பதற்கு அது குடத்து விளக்கு. பார்க்கப்படுவதற்குக் குன்றத்து விளக்கு. கட்டுபவர் இடத்தைத் தேடும்போது இவ்விரண்டில் எதைத் தேடுகிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

மூக்கில் வைத்தால் வயரிங் எளிது. விளக்கு விமானத்தின் நடுக்கோட்டிலேயே நிற்கும். ஆனால் அங்கே இயந்திரத்தின் வெப்பமும் அதிர்வும் இழையை விரைவில் அறுக்கும். புரொப்பெல்லர் முன்னால் சுழல்வதால் ஒளி வெட்டி வெட்டித் தெரியும். மழையிலோ மூடுபனியிலோ, கண்ணுக்கு அருகிலிருந்து புறப்படும் ஒளி நீர்த்துளிகளில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். தொழிற்சாலைகளும் இங்கே தடுமாறியிருக்கின்றன. செஸ்னா 172இன் விளக்கு இறக்கையிலிருந்து 1970களின் தொடக்கத்தில் மூக்குக்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில், விளக்கின் ஆயுளைக் கருதி, மறுபடி இறக்கைக்கே போனது. உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானத்திலேயே விளக்கு இப்படி இடம் மாறியிருக்கும்போது, தனிமனிதர் கொட்டகையில் திகைப்பதில் வியப்பில்லை.

இறக்கையின் முன்விளிம்பில் வைத்தால் அதிர்வு குறைவு. கண்ணிலிருந்து விலகியிருப்பதால் மூடுபனியின் எதிரொளியும் குறைவு. ஆனால் முன்விளிம்பு காற்றைப் பிளக்கும் இடம். முறுக்கத்தைத் தாங்கும் தோல் அங்கேதான் வளைகிறது. ஆர்வி விமானங்களில் முன்விளிம்பின் உட்பகுதி எரிபொருள் தொட்டி. ஆகவே வெளிப்பகுதியில் இரண்டு விலாச்சட்டங்களுக்கிடையே ஜன்னல் வெட்டி, அதே வளைவில் அக்ரிலிக் தகட்டைப் பொருத்த வேண்டும். பளபளக்கும் இறக்கையில் முதல் வெட்டைப் போடுவதற்கு முன் எத்தனை நாள் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடிகிறது. தரையில் நிற்கும்போது காற்றோட்டம் இல்லாமல், 100 வாட் வெப்பத்தில் அந்தத் தகடு இளகிவிடும் அபாயமும் உண்டு. ருட்டானின் இழை விமானங்களிலோ தோலே எலும்பு; வெட்டுவது இன்னும் தயக்கத்துக்குரியது. அவ்வகை விமானங்களின் முன் சிறகில் மழைத்துளி படிந்தாலே தூக்குவிசை மாறி மூக்கு தாழ்ந்ததும், பின்னர் ஜான் ரோன்ஸ் வகுத்த புதிய குறுக்குவெட்டு வடிவம் அதைத் தீர்த்ததும் வரலாறு. துளி நீரே இவ்வளவு செய்யுமானால் ஜன்னல் என்ன செய்யாது? லாங்-ஈஸியில் விளக்கு உடலின் அடியில் மடக்கி இறக்கும்படி வைக்கப்பட்டது இத்தகைய கவலைகளுக்கு ஒரு விடை. ஸ்பிட்ஃபயர் போர்விமானம் இறக்கையின் அடியில் செய்ததும் இதுவே.

இறக்கை நுனியில் வைத்தால் கட்டமைப்பைத் தொட வேண்டியதில்லை. அங்குள்ள கூடு பெரும்பாலும் சுமை தாங்காதது. இரு நுனிகளிலும் விளக்கு இருந்தால் எதிரில் வருபவர் அகலத்தைக் கணிக்கலாம். ஆனால் கம்பி நீளும். எட்டு ஆம்பியர் மின்னோட்டம் இறக்கை முழுதும் ஓடும். நுனியில் திசையறியும் காந்தமானி வைத்திருந்தால் அது குழம்பும். சக்கரக் காலில் வைத்தாலோ கல்லும் சேறும்.

இடத்தை முடிவு செய்த பிறகும் கோணம் மிச்சமிருக்கிறது. இறங்கும் கடைசிக் கணத்தில் மூக்கு உயர்கிறது. விளக்கும் அதனோடு வானத்தைப் பார்க்கிறது. வால்சக்கர விமானமோ தரையில் நிற்கும்போதே நிமிர்ந்து நிற்கும். அணுகும் கோணத்துக்குச் சரியாக வைத்த விளக்கு ஓடுதரையில் மர உச்சிகளுக்கு ஒளியூட்டும். அதனால்தான் பலர் இரண்டு விளக்கு வைக்கிறார்கள்: இறங்க ஒன்று, தரையில் ஊர ஒன்று. வாலை முக்காலியில் தூக்கி நிறுத்தி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இரவில் எதிர்ச் சுவரில் ஒளிவட்டம் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் குறித்துத் திருகுகளை முடுக்குவது இவ்வுலகின் எளிய சடங்குகளுள் ஒன்று.

*

1970களின் இறுதியில் கேள்வியின் சாய்வு மாறியது. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தபோதே, 'பார், பார்க்கப்படு' என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. 1978 செப்டம்பர் 25 காலை, சான் டியேகோவின் தெளிந்த வானில், பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727, பயிற்சியிலிருந்த ஒரு செஸ்னா 172உடன் மோதியது. தரையிலிருந்தோரையும் சேர்த்து 144 பேர் இறந்தனர். மோதல் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் இடம்பெயர்வதில்லை. ஒரே புள்ளியில் நின்று, பின் சட்டென்று பெரிதாகிறது. மணிக்கு 280 கிலோமீட்டரில் நேரெதிராக வரும் இரு சிறு விமானங்களுக்கு இடையிலுள்ள ஒன்றரைக் கிலோமீட்டர் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். நகராத புள்ளியைக் கண் விட்டுவிடுகிறது. மின்னும் புள்ளியை விடுவதில்லை.

இதனால், பத்தாயிரம் அடிக்குக் கீழே, குறிப்பாக விமானத் திடலைச் சுற்றிப் பத்து மைலுக்குள், பகலிலும் இறங்கு விளக்கை எரியவிடுங்கள் என்று அமெரிக்க அரசு விமானிகளைக் கேட்டுக்கொள்கிறது. அது வேண்டுகோள்தான், கட்டளையன்று. இடது வலது விளக்குகளை மாறிமாறி எரியவைக்கும் சிறு மின்சுற்றைக் கட்டுபவர்கள் பொருத்திக்கொண்டார்கள். 25 மணி நேர ஆயுளுள்ள இழைவிளக்கைப் பகலெல்லாம் எரிப்பது கட்டுப்படியாகாதது. 2000களுக்குப் பிறகு எல்.இ.டி. வந்து அந்தத் தடையை நீக்கியது. வெப்பம் குறைந்தது, மின்னோட்டம் குறைந்தது, இயந்திர அதிர்வுக்கு அறுந்துபோக இழையும் இல்லை. அதற்கு ஈடாக, தரமற்ற சுற்றுகள் வானொலியில் இரைச்சலைக் கிளப்பின. இடத் தேர்வின் பழைய காரணங்களில் பாதி கரைந்துபோக, எஞ்சி நின்றது ஒன்றே: யார் பார்க்க?

இங்கே ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். சான் டியேகோவில் பெரிய விமானம் சிறியதன் பின்னாலும் மேலிருந்தும் வந்தது. செஸ்னாவின் முன்விளக்கு எரிந்திருந்தாலும் அதை அவர்கள் கண்டிருக்க முடியாது. எங்கே வைத்தாலும் விளக்குக்கு ஒரு முதுகு உண்டு, அங்கே இருள்தான்.

*

இடத்தைத் தேர்வதில் என்ன பெரிய விஷயம் என்று இன்னும் எண்ணுவோர்க்கு, விளக்கைப் பற்றியதல்லாத ஒரு நிகழ்வைச் சொல்லி முடிக்கலாம். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் லாங்-ஈஸி விமானத்தோடு விழுந்து இறந்தார். அவ்விமானத்தை அவர் கட்டவில்லை. முன்பே கட்டப்பட்டதை வாங்கியிருந்தார். வரைபடத்தில் எரிபொருள் தொட்டியை மாற்றும் பிடி, விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும். கட்டியவர், எரிபொருட்குழாய் இருக்கையறைக்குள் வரக்கூடாது என்ற நியாயமான எண்ணத்தில், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார். பறக்கும்போது அதை எட்ட உடலை முறுக்கித் திரும்ப வேண்டும். விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எட்டாத இடத்திலிருந்த அந்தப் பிடியைக் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது.

கட்டியவரிடம் கவனக்குறைவு இருந்ததாகச் சொல்ல முடியாது. தீ விபத்தை அஞ்சியே அப்படிச் செய்தார். அவர் தம் பாதுகாப்பை எண்ணி எடுத்த முடிவு, தாம் அறியாத இன்னொருவரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. கையால் கட்டுவதன் சுதந்திரம் இதுதான்: எதை எங்கே வைப்பது என்று பெரும்பாலும் எவரும் கட்டளையிடுவதில்லை. அதன் சுமையும் இதுவே. விமானம் கைமாறும், கட்டியவர் மறைந்தபின்னும் பறக்கும். அவர் ஓர் இரவில் சாக்கட்டியால் குறித்த இடத்தில் வேறொருவர் தரையைத் தேடுவார். வானில் எதிரில் வரும் மூன்றாமவர், அந்த ஒளியைக் கண்டு விலகிச் செல்வார். அது யாருடைய கையால் பொருத்தப்பட்டது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. சட்டம் கேட்காத அந்த விளக்குக்காகக் கொட்டகைகளில் செலவாகும் மாதங்களை, இனி நாம் வெறும் பொழுதுபோக்காகக் கணக்கிட மாட்டோம்.